'எடுக்காதே' என்றொரு நம்பர்

லிஃப்ட்காரரின் போனில் மனிதர்களுக்குப் பெயர் கிடையாது. கோளாறுதான் உண்டு. 'கதவு மூடாது' என்று ஒருவர் இருக்கிறார். அவர் பல் டாக்டர். அவர் இருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் கதவு ஒரு மழைக்காலம் முழுக்க மூடாமல் படுத்தி எடுத்தது. அதை லிஃப்ட்காரர் சரிசெய்து எத்தனையோ வருடமாகிறது, ஆனாலும் அந்த மனுஷன் இன்றைக்கும் 'கதவு மூடாது'தான். 'பாதியில் நிற்கும்' ஒரு பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியை. 'சும்மா கூப்பிடும்' என்பவர் ஒரு பெரிய குடியிருப்பின் செயலாளர். லிஃப்டுக்கு ஒன்றும் ஆகாதபோதும் கூப்பிட்டு, ஏதோ முனகுகிற மாதிரி இருக்கிறதே என்பார். மனைவியின் நம்பர் 'வீடு'. மகளின் நம்பர் 'வீடு 2'. மனைவிக்கு இதில் பெரிய வருத்தமில்லை.

"கோளாறு பேர் வைக்காம விட்டாரே, அதுவரைக்கும் பொழைச்சேன்" என்பாள்.

இந்தப் பழக்கம் சும்மா வந்துவிடவில்லை. அவர் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் கம்பெனிப் பட்டறையில் ஒரே ஒரு போன். அதன் பக்கத்துச் சுவர்தான் எல்லோருக்கும் டைரக்டரி. பென்சிலால் எழுதியிருந்தார்கள், ஆணியால் கீறியிருந்தார்கள், யாரோ ஒருத்தர் அவசரத்தில் கிரீஸால்கூட எழுதியிருந்தார். லிஃப்ட்காரருக்குப் பேசி முடித்திருந்த பெண்ணின் பக்கத்து வீட்டு நம்பரும் அதில் இருந்தது. ஒருநாள் மேலிடத்திலிருந்து ஆள் வருகிறார்கள் என்று சுவருக்கு வெள்ளை அடித்துவிட்டார்கள். மாப்பிள்ளை வேறு வழியில்லாமல் பஸ் ஏறிப் பெண் வீட்டு வாசலில் போய் நின்றார். இவ்வளவு அக்கறையான பையனா என்று மாமனார் உருகிப்போனார். சுவர் விஷயத்தை மாப்பிள்ளை கடைசிவரை வாய் திறக்கவில்லை.

அதன் பிறகு நம்பர்களை ஒரு அட்டையில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அட்டை சட்டையோடு சேர்ந்து துவைக்கப்பட்டுக் கூழானது. பிறகு பட்டன் போன் வந்தது. அந்த சிம் கார்டில் பெயருக்கு விட்டிருந்த இடம் கொஞ்சம்தான். முழுப் பெயரும் பட்டமும் பதவியும் அதில் எங்கே அடங்கும்? கோளாறு அடங்கும். அப்படி ஆரம்பித்ததுதான். பேர் மறந்து போகும், கோளாறு மறக்காது என்று அவர் சொல்வதில் ஓரளவு நியாயமும் இருந்தது.

அந்த போனில் 'எடுக்காதே' என்று ஒரு கூட்டம் உண்டு. 'எடுக்காதே 2' காப்பீடு விற்பவர். 'எடுக்காதே 3' மனை விற்பவர். 'எடுக்காதே 4' பழைய சகதொழிலாளி. நல்லவர்தான், ஆனால் ஒருமுறை எடுத்துவிட்டால் அவரிடமிருந்து தப்பிக்க வழியில்லை. இந்த வரிசைக்கெல்லாம் தலைவராக, பின்னால் எண் எதுவும் இல்லாமல், வெறும் 'எடுக்காதே' என்று ஒரு நம்பர் இருந்தது. அது அவருடைய கூடப்பிறந்த தம்பி.

தம்பியும் ஒருகாலத்தில் 'தம்பி'யாகத்தான் இருந்தான். வேறு ஊரில் ஓர் அச்சகத்தில் வேலை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, வாடகை அறையில் தனிக்கட்டை. அச்சகத்துக்குப் புதிதாக ஒரு ஸ்கேனர் வந்தபோது அவனுக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டிலிருந்த ஒரே ஆல்பத்தை, "நான் எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்தித் தரேன், காலத்துக்கும் அழியாது" என்று வாங்கிக்கொண்டு போனான். சொன்னபடி ஏற்றவும் செய்தான். படங்கள் பிளாஸ்டிக் தாளோடு ஒட்டிப் போயிருந்தன. பிரித்து எடுத்ததில் பாதி கிழிந்தது. ஏற்றியாகிவிட்டதே என்று மிச்சத்தைக் குப்பையில் போட்டான். வருடம் திரும்புவதற்குள் கம்ப்யூட்டர் படுத்துக்கொண்டது. அதற்குள்ளிருந்த டிஸ்க்கைத் தூக்கிக்கொண்டு அவன் ஏறாத கடை இல்லை. ஒன்றும் நடக்கவில்லை.

அந்த ஆல்பத்தில்தான் அவர்களுடைய அம்மாவின் படம் இருந்தது. இருந்த ஒரே படம். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஒரு வாசலில் நிற்பாள். தம்பி கைக்குழந்தையாக இருந்தபோதே அம்மா போய்விட்டாள். அந்தப் படம் போய்விட்டது என்று தம்பி வந்து நின்றபோது லிஃப்ட்காரர் சொன்னது ஒரே வாக்கியம்.

"அம்மாவை நீ ரெண்டாவது தடவை சாகடிச்சுட்டே."

சொல்லியிருக்கக் கூடாதுதான். சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ளவும் அவருக்குத் தெரியவில்லை, மேற்கொண்டு பேசவும் தெரியவில்லை. அன்றைக்கே போனில் 'தம்பி'யை அழித்துவிட்டு 'எடுக்காதே' என்று போட்டார். நம்பரை அழிக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

அதிலிருந்து ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமை காலையிலும், அவர் பேப்பர் படிக்கிற நேரத்துக்கு, அந்த போன் அடிக்கும். மேஜைமேல் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பார். எடுக்கவும் மாட்டார், கட் பண்ணவும் மாட்டார். மனைவி அந்த நேரத்தில் சமையலறையில் பாத்திரத்தைக்கூட நகர்த்த மாட்டாள். போன் முழுதாக அடித்து ஓய்ந்ததும் பேப்பரைத் திருப்பிக்கொண்டு, "டீ போடு" என்பார். இப்படியே ஒன்பது வருடம் ஓடியது. இதைக் கோபம் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை டீ மட்டும் ஏன் அவருக்கு அவ்வளவு ருசித்தது என்று யாரும் கேட்கவில்லை.

பட்டன் போனுக்கு முடிவு லிஃப்ட் குழியில் வந்தது. பெட்டியின் மேல் நின்று இரும்புக்கயிற்றைப் பார்க்கக் குனிந்தவரின் சட்டைப் பையிலிருந்து நழுவி, ஒவ்வொரு மாடியாக இடித்துக்கொண்டு அடியில் போய் விழுந்தது. சிம் கார்டு மட்டும் பிழைத்தது. மகள் ஒரு தொடுதிரை போனை வாங்கி வந்து, ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து நம்பர்களை மாற்றினாள்.

மகள் ஒரு மருத்துவமனையின் ஆவண அறையில் வேலை செய்கிறாள். பழைய நோயாளிகளின் காகிதக் கட்டுகளையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றுவதும், ஒரே ஆள் இரண்டு பெயரில் இருந்தால் பிடித்து ஒன்றாக்குவதும் அவளுடைய வேலை. ஒழுங்கில்லாத எதைப் பார்த்தாலும் அவளுக்குக் கை அரிக்கும். அப்பாவின் பட்டியலைப் பார்த்ததும் தலை சுற்றியது.

"அப்பா, இது யாரு, 'எண்ணெய் ஒழுகும்'?"

"அவரு வக்கீல்மா. நல்ல மனுஷன்."

"'நாய் இருக்கு'?"

"அது நம்ம சம்பந்தி ஆகவேண்டியவங்க. நீதான் வேணாம்னுட்டே."

மகள் பெருமூச்சு விட்டாள். "வேண்டாததெல்லாம் நிறைய கெடக்கு. தூக்கிடவா?"

லிஃப்ட்காரர் அப்போது நகக்கண்ணில் ஏறிய கிரீஸை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். "தூக்கிடு, தூக்கிடு" என்றார்.

மறுநாள் ஞாயிறு. பேப்பர் வந்தது, புது போன் மேஜைமேல் இருந்தது, அடிக்கவில்லை. ஒருவழியாகச் சலித்துப்போய்விட்டான் என்று லிஃப்ட்காரர் நினைத்தார். ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது. "டீ போடு" என்றார். டீயை வாயில் வைக்க முடியவில்லை. சர்க்கரை போட்டாயா என்று கேட்டார். போட்டிருந்தாள்.

அடுத்த ஞாயிறும் அடிக்கவில்லை. அதற்கடுத்ததும் இல்லை. புது போனில் சத்தம் குறைவாக இருக்குமோ என்று மகளை விட்டுக் கூப்பிடச் சொல்லிப் பார்த்தார். கூரை இடிகிற மாதிரி அடித்தது. நாளாக ஆக, தம்பிக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்ற நினைப்பு அவரை விடவில்லை. அவனுக்கும் வயது ஏறிவிட்டது. தனி அறையில் விழுந்து கிடந்தால் யாருக்குத் தெரியும்? சொல்லி அனுப்பப் பொதுவான சொந்தம் என்று ஒருத்தரும் மிச்சமில்லை. அவர் அறிந்த விலாசத்தையும் பழைய அச்சகத்தையும் அவன் விட்டு எவ்வளவோ காலம் ஆகிவிட்டதாகக் கேள்வி. மனம் தாளாமல் ஒருநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில், ஒரு கட்டடத்தின் மாடிப்படியில் உட்கார்ந்து, புது போனில் 'எடுக்காதே'யைத் தேடினார். கிடைக்கவில்லை. எழுத்தை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார். 'எண்ணெய் ஒழுகும்' வந்தது. 'எடுக்காதே' வரவில்லை. தன்னுடைய தடித்த விரலைத்தான் திட்டிக்கொண்டார்.

மகளிடம் கேட்டால் விஷயம் வெளியே வந்துவிடும். ஒன்பது வருடம் கட்டிக்காத்த வீம்பை ஒரு போன் நம்பருக்காகவா விடுவது? விடவில்லை. மனைவியும் வாயைத் திறக்கவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அவள் இப்போதும் பாத்திரத்தை நகர்த்தாமல்தான் இருந்தாள்.

பிறகுதான் அந்தத் துணிக்கடை வேலை வந்தது. இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றுவிட்டது, உள்ளே ஒரு பெண் தனியாக மாட்டிக்கொண்டிருந்தாள். கடையில் வேலை பார்ப்பவள். இப்படி மாட்டிக்கொள்கிறவர்களிடம் லிஃப்ட்காரர் எப்போதும் ஒன்று சொல்வார். அதைக் கதவு இடுக்கில் வாயை வைத்து அவளிடமும் சொன்னார்.

"பயப்படாதீங்கம்மா. நான் மேல போய் மெதுவா இறக்குறேன். அதுவரைக்கும் நீங்க கதவைத் தட்டிக்கிட்டே இருங்க. சத்தம் கேட்டுக்கிட்டே இருந்தா உள்ள நீங்க நல்லா இருக்கீங்கன்னு எனக்குத் தெரியும்."

அவள் தட்ட ஆரம்பித்தாள். அவர் மேலே மெஷின் அறைக்கு ஏறிப் போய், கரண்டை அணைத்துவிட்டு, பிரேக்கைத் தளர்த்திச் சக்கரத்தைக் கையால் சுற்றினார். கீழேயிருந்து டொக், டொக் என்று சத்தம் வந்துகொண்டிருந்தது. திடீரென்று நின்றது. சக்கரத்தைப் பாதிச் சுற்றில் நிறுத்திவிட்டார். இத்தனை வருடத் தொழிலில் அப்படி நிறுத்தியதில்லை.

"அம்மா, தட்டுங்க" என்று கத்தினார். "ஏம்மா நிறுத்திட்டீங்க?"

"கை வலிச்சுதுங்க" என்று அடியிலிருந்து குரல் வந்தது. "மாத்திக்கிட்டேன்." மறுபடியும் டொக், டொக்.

அவளைப் பத்திரமாக வெளியே எடுத்துவிட்டார். அவள் கும்பிட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனாள். லிஃப்ட்காரர் மட்டும் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். வாராவாரம் ஒருத்தன் தட்டிக்கொண்டிருந்தான். நான் இருக்கிறேன், நான் இருக்கிறேன் என்று தட்டியிருக்கிறான். கேட்டுக்கொண்டு சுகமாக டீ குடித்தாயே, பாவி, என்று தன்னையே திட்டிக்கொண்டார். சாமான் பையை எடுத்துக்கொண்டு நேராக வீட்டுக்குப் போனார்.

மகள் வேலையிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை. போனை அவள் கையில் கொடுத்தார்.

"எடுக்காதேன்னு ஒரு நம்பர் இருந்துச்சே. அது எங்கம்மா?"

"அது நாலு இருந்துச்சுப்பா. எல்லாத்தையும் பிளாக் பண்ணிட்டேன். நீங்கதானே தூக்கிடச் சொன்னீங்க?"

"பிளாக்குன்னா?"

"அவங்க கூப்பிட்டா இங்க அடிக்காது. உடனே கட்டாயிடும்."

சமையலறையில் ஏதோ கீழே விழுந்தது. மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். "அதுல ஒண்ணு உன் சித்தப்பாடி" என்றாள்.

மகளுக்கு முகம் வெளுத்துவிட்டது. சித்தப்பாவோடு பேச்சில்லை என்று அவளுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை போன் தெரியாது. அந்த நேரத்தில் அவள் போர்வைக்குள் இருப்பாள். "சொல்லியிருக்கலாமேப்பா" என்றாள். அழுதுவிடுவாள் போலிருந்தது.

"உன் மேல தப்பில்லைம்மா. எடுக்காதேன்னு எழுதி வச்சது நான்தானே."

சொல்லும்போதே அவருக்கு இன்னொன்று உறைத்தது. தம்பிக்கு ஏதாவது ஆகி, பக்கத்து அறைக்காரர் யாராவது அவன் போனை எடுத்து 'அண்ணா' என்ற பெயரைப் பார்த்துக் கூப்பிட்டிருந்தால்கூட, அதுவும் கட்டாகியிருக்கும்.

மகள் உட்கார்ந்து எங்கேயோ தொட்டுத் தொட்டு உள்ளே போனாள். பிளாக் செய்த நம்பர்கள் நான்கும் கிடைத்தன. பெயரெல்லாம் போய்விட்டிருந்தது, வெறும் எண்கள்தான். எது தம்பி என்று லிஃப்ட்காரருக்குத் தெரியவில்லை. ஒன்பது வருடம் பெயரைத்தான் பார்த்தாரே தவிர எண்ணைப் பார்த்ததில்லை. காப்பீட்டையும் மனையையும் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டுப் பார்க்கலாமா என்று மனைவி கேட்டாள். 'எடுக்காதே 4' மாட்டிக்கொண்டால் பொழுது விடிந்துவிடும் என்றார் அவர்.

"கொஞ்சம் இருங்க" என்றாள் மகள். "கட்டான காலெல்லாம் எப்ப வந்ததுன்னு இதுல இருக்கும்."

இருந்தது. ஒரு நம்பர் நினைத்த நேரமெல்லாம் கூப்பிட்டிருந்தது. இன்னொன்று மாதக் கடைசியில் மட்டும். மூன்றாவது ஒருதடவைகூட இல்லை. நான்காவதை மகள் விரலால் தள்ளித் தள்ளிக் காட்டினாள். ஞாயிறு காலை. ஞாயிறு காலை. ஞாயிறு காலை. எல்லாம் அவர் பேப்பர் படிக்கிற நேரம்.

"இவன்தான்" என்றார் லிஃப்ட்காரர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "இவன்தாம்மா."

ஆனால் அந்த வரிசை பாதியில் நின்றிருந்தது. கடைசி மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்றுமே இல்லை. மூன்று பேரும் அதைப் பார்த்தார்கள். மகள் பிளாக்கை எடுத்துவிட்டு, அந்த நம்பரைத் தொட்டு, போனை அவர் காதில் வைத்தாள்.

அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. இந்தப் பக்கத்திலிருந்து கேட்கும்போது அது எவ்வளவு நீளம் என்று லிஃப்ட்காரருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. முழுதாக அடித்து ஓய்ந்தது. யாரும் எடுக்கவில்லை.

"திரும்பப் போடுங்க" என்றாள் மனைவி.

அவர் தலையாட்டினார், ஆனால் போடவில்லை. போனை மேஜைமேல் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மனைவி டீ போடட்டுமா என்று கேட்டாள், வேண்டாம் என்றார். மகள் செருப்போடு அப்படியே தரையில் உட்கார்ந்திருந்தாள். தெருவில் ஒரு வண்டி கிளம்ப மாட்டேன் என்று இருமிக்கொண்டிருந்தது. அது கிளம்பிப் போனபின்தான் போன் அடித்தது. திரையில் பெயர் இல்லை, எண் மட்டும்.

லிஃப்ட்காரர் எடுத்தார்.

"அண்ணா?" என்றது அந்தப் பக்கம். "கை பட்டு வந்துடுச்சா?"

"இல்லடா" என்றார். "நான்தான் போட்டேன்."



"மெஷின் ஓடிக்கிட்டு இருந்துச்சு அண்ணா, கேக்கல. வெளிய வந்து பாத்தா உன் பேரு. ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே நின்னேன்."

"நீ ஏன்டா மூணு வாரமா கூப்பிடல?"

"நீ கட் பண்ண ஆரம்பிச்சுட்டியே. முன்னெல்லாம் முழுசா அடிக்கும். நீ போனைப் பக்கத்துல வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்னு தெரியும். அதுவே எனக்குப் போதுமா இருந்துச்சு. அப்புறம் ஒரு அடியிலயே நிக்க ஆரம்பிச்சுடுச்சு. கொஞ்ச வாரம் பாத்தேன். சரி, அண்ணன் இனிமே வேணாம்னுட்டாருன்னு விட்டுட்டேன்."

"நான் கட் பண்ணலடா. போன் மாத்துனோம். அதுல எல்லாம் குழம்பிப்போச்சு." லிஃப்ட்காரர் போனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டார். "நான் ஒருநாளும் கட் பண்ணினதில்ல."

"போட்டோ கிடைக்கல அண்ணா" என்றான் தம்பி. ஒன்பது வருடமாக நாக்கிலேயே வைத்திருந்த மாதிரி வந்தது அது. "எங்கெங்கயோ குடுத்துப் பாத்துட்டேன்."

"போட்டோ போய்த் தொலையுது. நீ இருக்கியா?"

"இருக்கேன்."

லிஃப்ட்காரர் அழுதார். மனைவியும் மகளும் பார்க்கப் பார்க்க, மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதார். இவ்வளவு லேசாக அவர் உட்கார்ந்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

"எனக்கு அம்மா மூஞ்சி மறந்துடுமோன்னு பயமா இருக்குடா" என்றார் பிறகு. "கண்ணைச் சுருக்கிக்கிட்டு நிப்பாங்க. இடது கன்னத்துல மச்சம்."

"வலது."

"உனக்கு என்னடா தெரியும், நீ கைக்குழந்தை. இடதுதான். நான் தொட்டுப் பாத்திருக்கேன்."

"நான் ஸ்கேன் பண்ணும்போது பெருசு பண்ணிப் பாத்தேன். வலது. கீழ ஓரத்துல ஒரு சின்னக் கை அவங்க முந்தானையைப் புடிச்சிருக்கும். அது உன் கை அண்ணா."

"என் கையா?"

"பெருசு பண்ணினாதான் தெரியும். அப்ப அப்பா உயிரோட இருந்தாரு, அது யாருன்னு அவர்கிட்ட கேட்டேன். நீ ஃபிரேமுக்குள்ள வரமாட்டேன்னு அடம் புடிச்சியாம். ஆனா அவங்களை விடவும் இல்லையாம்."

லிஃப்ட்காரர் தன்னுடைய வலது கையைத் திருப்பிப் பார்த்தார். நகக்கண்ணில் துணிக்கடை கிரீஸ் இருந்தது. அந்தப் படத்தை அவர் எத்தனையோ முறை பார்த்திருக்கிறார். அந்தக் கையை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. இது இவனிடம் மட்டுமே இருந்திருக்கிறது. இவன் போயிருந்தால் இதுவும் போயிருக்கும்.

பேசி முடிப்பதற்குள் சாப்பாடு ஆறி, மறுபடி சூடுபண்ணும்படி ஆயிற்று. மகள் போனை வாங்கிக்கொண்டு, "என்ன பேர்ல போடட்டும்? சித்தப்பான்னு போடவா?" என்று கேட்டாள்.

அவர் கொஞ்சம் யோசித்தார். "எடுக்காதேன்னே போடு."

"அப்பா."

"வேற பேர் போட்டா எனக்குத் தேடத் தெரியாதும்மா."

மகள் முனகிக்கொண்டே அப்படியே போட்டாள். மற்ற மூன்றையும் பிளாக்கிலேயே விட்டாள். அதற்கு யாரும் மறுப்புச் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பேப்பர் வந்தது. லிஃப்ட்காரர் அதைப் பிரிக்கவில்லை. மேஜைமேல் போன் அடித்தது. திரையில் 'எடுக்காதே' என்று வந்தது. இரண்டாவது அடிக்கு விடாமல் எடுத்தார்.

"இடது பக்கம்தான்" என்றார்.

"இல்ல அண்ணா, வலது."

சமையலறையில் மனைவி தாராளமாகப் பாத்திரங்களை உருட்டிக்கொண்டிருந்தாள். அவர் கேட்காமலே டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். அது ஆறிப்போய் ஆடை படிந்தது.